டீச்சரிடம் சொன்னால் என்ன ஆகும்?

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவரை, அதே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு முன்னால் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. தொடர்ந்து சீண்டப்பட்டதால் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். நடந்ததைச் சொன்னார்கள், புகாரும் கொடுத்தார்கள். புகார் போன சூட்டோடு சூடாக அரிவாள் வந்தது.

"எதுவா இருந்தாலும் டீச்சர்கிட்ட சொல்லு" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அந்தப் பிள்ளை அதைத்தான் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்?

பள்ளியில் சாதி பற்றிப் பேச்செடுத்தால், ஆசிரியர்கள் மாணவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே பேசுபொருளாகிறது. மாணவர்கள் ஆசிரியர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஆசிரியர் மாற்றலாகி வந்து ஒரு வாரம் போதும், சேரிப் பிள்ளைகள் அவரைக் கணித்துவிடுவார்கள். "எந்த ஊரு?" என்று கேட்டவர் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்த கேள்வி கேட்கிறாரா? டீ வாங்கிவர யாரை அனுப்புகிறார், கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற யாரை அனுப்புகிறார்? அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்தத் தலைவரின் குருபூஜை வருகிறது? ஒருவன் கையில் கலர் கயிற்றோடு வந்தால் கழற்றச் சொல்கிறாரா, சிரித்துக்கொண்டே "என்னடா, நம்ம பயலா?" என்கிறாரா? பிள்ளைகள் இதையெல்லாம் மனதுக்குள் குறித்துவைக்கிறார்கள். யாரிடம் எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உயிர் பிழைக்க வைத்திருக்கும் பட்டியல் அது.

என் பத்தாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் வரும் நாளன்று, "எஸ்.சி. எல்லாம் எந்திரி" என்பார் வகுப்பாசிரியர். கெட்டவர் அல்ல. கணக்கை நன்றாக நடத்துவார். ஃபீஸ் கட்ட முடியாதவனுக்குத் தன் பையிலிருந்து கொடுத்தவர். அன்று நாங்கள் ஒன்பது பேர் எழுந்து நின்றோம். அதுவரை என் சாதி தெரியாமல் என்னோடு சாப்பிட்ட ஒருவன் மறுநாளிலிருந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். நடந்தது சாருக்குத் தெரியவே தெரியாது. நானும் சொல்லவில்லை. எழுந்து நிற்கச் சொன்னவரிடமே போய் அதை எப்படிச் சொல்வது?

"நான் சாதி பார்க்கிறதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் ஆசிரியர்களிடம் இருக்கும் சிக்கலும் இதுதான். அவர் பார்க்கவில்லை, சரி. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் பார்க்கிறானே, அதையாவது அவர் பார்க்க வேண்டாமா? சாதிப் பெயர் சொல்லித் திட்டினான் என்று ஒரு மாணவன் போய் நின்றால், இருவரையும் கூப்பிட்டு "கை குடுத்துக்கங்கடா" என்று அனுப்பிவிடுகிறார். வெளியில் நடந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகும் ஒன்று, பள்ளிச் சுவருக்குள் "பசங்க சண்டை" ஆகிவிடுகிறது. கை கொடுத்தவன் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பான் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

சரி, ஆசிரியரிடம் முடியாது, ஆலோசகரிடம் பேசலாமே என்கிறார்கள். கவுன்சிலர் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வார்டு கவுன்சிலர்தான் நினைவுக்கு வருவார். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் மனநல ஆலோசகரைப் பிள்ளைகள் பார்ப்பது பொதுத்தேர்வுக்கு முன்பு நடக்கும் ஒரு கூட்டத்தில்தான். தேர்வு பயம், செல்போன், காதல், போதை என்று பேசிவிட்டுப் போவார். சாதி என்ற சொல் வராது. தப்பித்தவறி ஒரு பிள்ளை தனியாகப் போய்ச் சொன்னாலும், "நீ எதுக்கு இதையெல்லாம் மனசுல போட்டுக்கற? படிச்சு முன்னேறிக் காட்டு" என்ற பதில் வருகிறது. அவமானப்படுத்தியவனின் செயல் அங்கே அவமானப்பட்டவனின் மனப் பலவீனமாக மாறுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆலோசனைக்கு அனுப்பப்படுவது எப்போதும் அடிபட்டவன்தான். கயிறு கட்டியவனை, சாதிப் பாட்டை ரிங்டோனாக வைத்தவனை யாரும் ஆலோசகர் முன் உட்காரவைப்பதில்லை. நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் பள்ளி மாணவர்கள்தான். பல வருடங்கள் பல ஆசிரியர்களின் கண்முன்னே வளர்ந்தவர்கள். அந்த வெறி ஒரே இரவில் வந்திருக்காது. அது முளைக்கும்போதே அந்தப் பையன்களிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, உதவித்தொகைத் தகவலை மாணவரைத் தனியாக அழைத்தே சொல்ல வேண்டும், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்றம் செய்ய வேண்டும், 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. உதவித்தொகை பற்றிய அந்த ஒரு வரியைப் படித்தபோது, அன்று எழுந்து நின்ற ஒன்பது பேரும் நினைவுக்கு வந்தோம்.

இப்படிப்பட்ட பரிந்துரைகள் வந்தாலே, "எங்களைச் சந்தேகப்படுகிறார்கள்" என்று ஆசிரியர்களிடமிருந்து ஒரு குரல் எழுகிறது. ஒரு பகுதியில் நியாயம் உண்டு. உள்ளூர் ஆதிக்கக் கும்பலுக்குப் பயந்து வாய் திறக்க முடியாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலித் ஆசிரியர் கயிற்றைக் கழற்றச் சொன்னால், மறுநாள் பள்ளி வாசலில் ஊரே வந்து நிற்கும். 2019-இல் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறையில் சுற்றறிக்கை வந்தபோது, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய அமைச்சரே பின்வாங்கினார். அமைச்சரே பின்வாங்கும் இடத்தில் ஒரு ஆசிரியர் தனியாக எப்படி நிற்பார்? அதனால்தான் தனிமனித நல்லெண்ணத்தை நம்பாமல் விதி வேண்டும் என்கிறோம். கழற்றச் சொன்னது நானல்ல, அரசாணை என்று சொல்ல முடிகிற ஆசிரியருக்கு அதுவே பாதுகாப்பு.

பள்ளி வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதய' இதழில் அச்சானது. மூன்று ஆண்டுகள்தான் படித்திருந்தாள். தனக்கு நடந்ததைச் சொல்லலாம், சொன்னால் தண்டனை வராது என்று அந்தப் பள்ளி அவளுக்குக் காட்டியிருந்தது.

நம் பள்ளிகளில் அது நடக்கச் சில வேலைகள் உடனே தேவை. ஒரு மாணவர் சாதிக் கொடுமை பற்றிச் சொன்னால், அது யார் யாருக்குத் தெரியலாம் என்பதற்கு எழுத்தில் விதி வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர் எதிர்த்தரப்புக்குப் போனால், கசியவிட்டவர் மீது நடவடிக்கை வேண்டும். புகார் கொடுத்த பிள்ளை அன்று மாலை எப்படி வீட்டுக்குப் போகும், இரவு அந்த வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்பதும் பள்ளி, காவல்துறை இரண்டின் பொறுப்பாக வேண்டும். ஆலோசகர்களுக்கும் நல அலுவலர்களுக்கும் சாதி என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டும். அந்த வேலைக்கு தலித் பெண்களும் ஆண்களும் போதிய எண்ணிக்கையில் வர வேண்டும். 500 பேர் இல்லாத சின்னக் கிராமத்துப் பள்ளிகளுக்கும் அவர்கள் போய்ச்சேர வேண்டும். அங்கேதான் ஆசிரியருக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் இடைவெளியே இருப்பதில்லை. 14417, 1098 என்ற எண்களைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. அழைத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் அடுத்த பிள்ளை அந்த எண்ணை அழைக்கும்.

தோழர்களே, பள்ளியை முடித்துவிட்டு வந்தவர்கள் நாம். நம் பட்டியலில் யார் யார் இருந்தார்கள், யாரிடம் சொல்ல முடிந்தது, யாரிடம் சொல்லாமல் விழுங்கினோம் என்பதை இனியாவது எழுதுவோம், பேசுவோம். வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளால் அதை வெளியில் சொல்ல முடியாது. ஆசிரியராக இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உதவித்தொகைப் படிவம் வரும்போது, யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.