தெருவில் கற்றவர் வகுப்பெடுக்கட்டும்

ரென்னி ஹாரிஸ் என்ற பெயரை நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் வடக்கு ஃபிலடெல்ஃபியாவில், கறுப்பின மக்கள் குடியிருப்பில் வளர்ந்த ஹிப்-ஹாப் கலைஞர். தெருவில் ஆடிப் பழகியவர். ரன்-டி.எம்.சி. போன்ற ராப் குழுக்கள் ஊர் ஊராகச் சென்ற 'ஃப்ரெஷ் ஃபெஸ்ட்' பயணத்தில் ஆடினார். 1992இல் 'ப்யூர்மூவ்மென்ட்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 2000இல் ரோமியோ ஜூலியட் கதையைத் தெருக்கும்பல்களின் மோதலாக மாற்றி 'ரோம் அண்ட் ஜுவல்ஸ்' தந்தார். (அதில் ஜூலியட் மேடைக்கே வருவதில்லை. ஆண்களின் வீரப்பேச்சில் பெண்ணுக்கு எங்கே இடம்?) 2018இல் புகழ்பெற்ற ஆல்வின் எய்லி நடனக் குழுவுக்கு 'லாசரஸ்' அமைத்தார், இரண்டு அங்கங்கள் கொண்ட படைப்பு அந்தக் குழுவுக்கு அதுவே முதல்முறை.

ஆனால் இந்த மேடைச் சாதனைகளுக்காக மட்டும் நான் அவரைப் பற்றி எழுதவில்லை.

பதின்ம வயதிலேயே ஹாரிஸ் கல்லூரிகளுக்குப் போய் ஹிப்-ஹாப் சொல்லிக்கொடுத்தவர். பெயர் கிடைத்த பிறகும் தான் மட்டும் பேராசிரியராக உட்கார்ந்துவிடவில்லை. தன் நகரத்தில் 'இல்லடெல்ஃப் லெஜண்ட்ஸ்' என்ற விழாவை நடத்தி, அந்த நடனங்களை உருவாக்கிய முன்னோடிகளையே ஆசிரியர்களாக நிறுத்தினார். அசைவை மட்டும் கற்றுக்கொண்டு போக அவர் விடுவதில்லை. அது யாருடைய உடலில், எந்த நெருக்கடியில் பிறந்தது என்ற வரலாறும் பாடத்தில் இருக்கும். கறுப்பினத்தவரின் ஆட்டத்தை நகல் எடுத்து, ஆடியவர்களை வாசலில் நிறுத்தும் பழக்கத்துக்கு அவர் கொடுத்த பதில் இது.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் இந்த வாசல் நமக்குப் பழக்கமானது. நான் பங்கேற்ற ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பறை பற்றிப் பேச நான்கு முனைவர்கள் மேடையில் இருந்தார்கள். பறையடித்தவர்கள் வரவேற்பு முடிந்ததும் மரத்தடிக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு கேள்விகூட அவர்களிடம் கேட்கப்படவில்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு நாற்காலி இருந்தது. எனக்குத் தெரிந்ததைவிடப் பத்து மடங்கு தெரிந்தவருக்கு இல்லை.

'கலைக்குச் சாதி இல்லை' என்பார்கள். சாவுக்குப் பறையடிக்க ஆள் தேடும்போது எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஊருக்கு நன்றாகத் தெரியும்.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் விருது ஒருவருக்கு. பயிற்றுநர் வேலையோ மாவட்டந்தோறும் பலருக்குத் தேவை.

'பட்டம் இல்லையே' என்ற சாக்கும் இப்போது செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழிகாட்டுதலின்படி, துறை அனுபவம் உள்ளவரை முறையான கல்வித் தகுதி இல்லாமலே பேராசிரியராக நியமிக்கலாம்; நுண்கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இப்படி நியமிக்கப்படுவோரின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தற்காலிக நியமனம்தான், அந்தக் குறை இருக்கிறது. இருந்தாலும் உங்கள் பல்கலைக்கழகம் இதன்கீழ் இதுவரை யாரையெல்லாம் நியமித்தது, அதில் ஒரு பறை ஆசானாவது உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நான் என்னுடையதைப் போட்டுவிட்டேன்.