வலிப்பும் தடுப்பூசியும்

வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது கரிசல் காட்டில் இன்றும் மறையாத வழக்கம். அதை எள்ளி நகைக்கும் படித்தவர்கள்கூட, "வலிப்புக்காரனுக்குத் தடுப்பூசி ஆகாது" என்று சொல்லக் கேட்கிறேன்.

இது பாமர அச்சம் மட்டுமன்று. 1974இல் இலண்டன் மருத்துவர்கள், கக்குவான் தடுப்பூசிக்குப் பின் நரம்புப் பாதிப்புற்றதாக 36 குழந்தைகளைப் பற்றி எழுதினர். பிரிட்டனில் ஊசி போட்டுக்கொள்வோர் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 30 அளவுக்குச் சரிந்தனர். 1977-79இல் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கக்குவான் பற்றியது. 2006இல்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இவ்வாறு ஊசிமேல் பழி விழுந்த 14 பேரை ஆராய்ந்து, 11 பேரிடம் மரபணுக் கோளாறு இருப்பதைக் கண்டனர். ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகக் கொணர்ந்திருக்கலாம். அவர்களுக்கு நோயைத் தந்தது ஊசியன்று.

காய்ச்சல் வலிப்பைத் தூண்டும் என்பது மெய்யே. காய்ச்சல் மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்கலாம். அன்றாட வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் விடலாகாது. நோய் கட்டுக்கடங்காத குழந்தைக்கு மருத்துவரே ஊசியை ஒத்திப்போட்டால் அது வேறு.

நடிகர் விவேக், 2021 ஏப்ரலில் கொரோனா ஊசி போட்ட இரண்டாம் நாள் மறைந்தபோதும் நம் பக்கம் நடுங்கியது. ஊசி காரணமன்று என்று நடுவண் அரசின் குழு பின்னர் கூறியதை எத்தனை பேர் படித்தோம்?

எங்கள் தெருவில் வலிப்புள்ள சிறுமி ஒருத்தியை, பள்ளியில் ஊசி போடும் நாளன்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி! வரப்பில் விழுந்து முழங்கால் கிழிபவள் அவளல்லவா? ரணஜன்னிக் கிருமி வாழ்வதோ மண்ணில்.

அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் விலங்கியல் ஆசிரியர்கள் இதை ஊராரிடம் பேச வேண்டுகிறேன். கோலப்போட்டியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.