பல்லுக்குள் ஒரு வாய்க்கால்! கடைமடைக்கு மருந்து போய்ச் சேருமா?

இரவு 2 மணிக்கு ஒருவருக்குப் பல்வலி வந்தால், வீடே விழித்துக்கொள்ளும். ஒருவர் கிராம்பு தேடுவார். இன்னொருவர் வெந்நீரில் உப்புப் போடுவார்.

காலையில் டாக்டரிடம் ஓடினால், "பல்லைப் பிடுங்க வேண்டாம். வேருக்குச் சிகிச்சை செய்து காப்பாற்றிவிடலாம்" என்கிறார். சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது.

"சாதாரணமாகக் கழுவினால் போதுமா? லேசர் வைத்துக் கழுவட்டுமா? லேசர் என்றால் செலவு கூடும்."

குடும்பத் தலைவர் விழிக்கிறார். வேரைக் கழுவுவதா? அது என்ன?

கல் அல்ல, வீடு!

வெளியில் இருந்து பார்த்தால் பல் ஒரு கல் போல இருக்கிறது. உண்மையில் அது ஒரு வீடு. நடுவில் சிறிய அறை. அந்த அறையில் இருந்து வேரின் நுனி வரை மெல்லிய குழாய். குழாய்க்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த சதை.

சொத்தை அந்த அறையை எட்டிவிட்டால், கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். சதை அழுகும். வேரின் நுனியில் சீழ் கட்டும்.

இந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் 'கனால்' என்று பெயர். கால்வாய் என்று அர்த்தம். அதற்குள் மருந்து நீரைப் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்களோ, அதே சொல்லைத்தான் பல் டாக்டர்களும் இதற்கு உபயோகிக்கிறார்கள். பொருத்தமான பெயர்! கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தானே பாசனம்?

எலிகள் சொன்ன சாட்சி

கிருமிதான் எதிரி என்பதை எலிகளை வைத்து நிரூபித்தார்கள். 1965-ல் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை அது.

சில எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் பிறந்தது முதல் வளர்த்தார்கள். வேறு சில எலிகளைச் சாதாரணமாக வளர்த்தார்கள். இரண்டு வகை எலிகளுக்கும் பல்லில் துளை போட்டு, உள்ளே இருக்கும் சதையைத் திறந்து விட்டார்கள். துளைக்குள் தீனியும் போய் அடைத்துக்கொண்டது.

சாதாரண எலிகளின் பல்லில் சதை அழுகிச் செத்தது. சீழும் வைத்தது. கிருமி இல்லாத எலிகளுக்கு என்ன ஆயிற்று? பல் தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டது!

ஆகவே, கிருமியை விரட்டினால் பல் பிழைக்கும். எப்படி விரட்டுவது? மெல்லிய அரத்தை உள்ளே விட்டுச் சுரண்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

போதாது. 2001-ல் சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் பற்களை நுண்ணிய எக்ஸ்ரே படங்களாக எடுத்துப் பார்த்தார்கள். சுரண்டுவதற்கு முன் ஒரு படம். சுரண்டிய பின் ஒரு படம். கால்வாய்ச் சுவரில் 100-க்கு 35 பங்கோ, அதற்கு மேலோ அரம் தொடவே இல்லை! வாய்க்கால் நேராக இல்லை. கிளை பிரிகிறது. தட்டையாகிறது. வளைகிறது. அரம் போகாத மூலைக்கு மருந்து நீர்தான் போக வேண்டும்.

போர்க்களத்தில் இருந்து வந்த மருந்து

எந்த மருந்து? துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கிறதே, அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான்.

முதல் உலக யுத்தத்தின்போது சிப்பாய்களின் காயங்கள் சீழ் பிடித்தன. 1915-ல் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணரும், அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு டாக்டரும், இந்த மருந்தை 100-க்கு அரைப் பங்கு அளவில் கலந்து காயங்களைக் கழுவினார்கள். பிறகு அது பல் டாக்டர்களின் கைக்கும் வந்தது.

இது கிருமியைக் கொல்லும். அழுகிய சதையையும் கரைத்துவிடும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதால்தான் இன்று வரை இதற்கு முதல் இடம். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தும் கிருமியைக் கொல்லும். ஆனால் சதையைக் கரைக்காது. இரண்டும் வாய்க்காலில் ஒன்றாகக் கலந்தால் பழுப்பு நிற வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். அரம் சுரண்டிய தூள் சேறு போலச் சுவரில் அப்பிக்கொள்கிறது. அதை எடுக்க ஈ.டி.டி.ஏ. என்ற இன்னொரு திரவம் இருக்கிறது.

மருந்து கடுமையாக இருந்தால் நல்லதா? 2019-ல் அரியானா மாநிலம் ரோத்தக்கில் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு 100-க்கு 1 பங்கு மருந்து. மற்றவர்களுக்கு 5 பங்கு. வேரின் நுனிப் புண் ஆறியதில் இரண்டு கூட்டத்துக்கும் நிச்சயமான வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் வெளிவந்த கெய்ரோ பரிசோதனையில், கடுமை குறைந்த மருந்தால் கழுவியவர்களுக்குப் பின்னால் வலி குறைவாக இருந்தது. ஆனால் மென்மையான மருந்துக்கு நேரம் வேண்டும். பழையதை எடுத்துவிட்டுப் புது மருந்தை அடிக்கடி விட வேண்டும். அவசரக்காரருக்கு அது ஒத்து வராது.

நுனியில் ஒரு காற்றுக் குமிழி

இனி, மருந்தை உள்ளே அனுப்பும் விதம்.

பழைய முறை சிரிஞ்சு. ஊசியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஊசி முனையைத் தாண்டி மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பாயும். அதற்கு அப்பால் காற்று நிற்கிறது. வாய் குறுகிய சீசாவைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். காற்று 'குபுகுபு' என்று வெளியே வந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். வேரின் நுனியிலும் அதே தகராறு.

"அழுத்திச் செலுத்தினால் போகாதா?" என்று கேட்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது! மருந்து வேரைத் தாண்டித் தாடைக்குள் போய்விட்டால், மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் நோயாளி துடித்துவிடுவார். சில நிமிஷத்தில் கன்னம் வீங்கும். தோல் கன்றி நீலம் பாயும். இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. இதைத் தடுக்கவே, முனை அடைத்துப் பக்கவாட்டில் துளை வைத்த ஊசிகள் வந்திருக்கின்றன.

இன்னொரு முறைக்குக் காசே செலவில்லை. வாய்க்காலை அடைக்க உதவும் ரப்பர் போன்ற குச்சியையே மருந்துக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டுவது! காற்று வெளியேறி மருந்து நுனிக்கு இறங்கும். டாக்டருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, காதுக்குக் கேட்காத ஒலி. மெல்லிய கம்பி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. மருந்து சுழன்று மூலை முடுக்கெல்லாம் அலசுகிறது. நான்காவது முறை, மருந்தைத் தள்ளாமல் கீழிருந்து உறிஞ்சுவது. மேலே விட்ட மருந்து தானாக நுனிக்கு இறங்கும். வேரைத் தாண்டும் பயம் மிகக் குறைவு. 2010-ல் 110 பேரிடம் சோதித்தபோது, ஊசியால் கழுவியவர்களைவிட, உறிஞ்சும் முறையில் கழுவியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. கடைசியாக லேசர். ஒளி பட்டதும் மருந்தில் ஆவிக் குமிழிகள் தோன்றி வெடித்து அலை எழுப்புகின்றன. கருவியின் விலையோ ஏராளம்.

மேஜையும் மனிதனும்

பிடுங்கிய பல்லை மேஜையில் வைத்துச் சோதித்தால், சிரிஞ்சைப் புதிய கருவிகள் பெரும்பாலும் வென்றுவிடுகின்றன. மனிதனின் வாயில்?

2013-ல் சீனாவில், பீஜிங் டாக்டர்கள் ஒரே வேர் உள்ள பற்களில் இதைப் பார்த்தார்கள். கேட்காத ஒலியால் கழுவிய பற்களில், சுமார் ஒரு வருஷத்தில் வேரின் நுனிப் புண் ஆறியதும் குறைந்ததும் 100-க்கு 95. வெறும் சிரிஞ்சால் கழுவியவற்றில் 88. ஒவ்வொரு கூட்டத்திலும் நாற்பது சொச்சம் பற்கள்தான். அவ்வளவு சின்னக் கணக்கில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சாதாரண சிரிஞ்சு ஒன்றும் மட்டமில்லை!

ஆனால், அவை ஒற்றை வேர்ப் பற்கள். கடவாய்ப் பல்லின் கதை வேறு. அதில் மூன்று நான்கு வாய்க்கால்கள். இரண்டு வாய்க்கால்களை இணைக்கும் இடுக்குகளும் உண்டு. அங்கே கேட்காத ஒலியின் உதவிக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. லேசருக்குக் கொடுக்கும் தொகைக்கு ஏற்ற பலன் நோயாளிக்குக் கிடைக்கிறது என்பது இன்னும் ருசுவாகவில்லை. அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை.

கருவியின் பெயரைவிட நோயாளி கவனிக்க வேண்டியவை வேறு. பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டினார்களா? அது இருந்தால்தான் மருந்து தொண்டைக்குப் போகாது; எச்சிலில் உள்ள கிருமி பல்லுக்குள் இறங்காது. மருந்தை விட்டதும் துடைத்துவிட்டார்களா, அல்லது திரும்பத் திரும்பப் புதிதாக விட்டுப் பொறுமையாகக் கழுவினார்களா?

நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருப்பவருக்கு அந்த நேரம் நீளமாகத்தான் தோன்றும். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கையை ஆட்டிக் கேட்பார்கள். டாக்டர் பதில் சொல்லாமல் இன்னொரு சிரிஞ்சை நிரப்பினால், கோபித்துக்கொள்ளாமல் படுத்திருக்கலாம்.