'கல்லு மாதிரி' வண்டியாமே!

பழைய மாருதி எஸ்டீம் வாங்கலாமான்னு யாராச்சும் கேட்டா போதும், "கல்லு மாதிரி வண்டி சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுது. அய்யா சாமிகளா! 1994-ல் வந்து, 2008-ல் டிசையருக்கு வழிவிட்ட வண்டி அது. இன்னிக்கு ரோட்டில் ஓடுறதெல்லாம் தப்பிப் பிழைச்சவை மட்டும்தான். காயலான் கடைக்குப் போன வண்டியோட ஓனர் எவரும் அனுபவம் சொல்ல வர்றதில்லை.

இருக்குறதில் இளசானதுக்கே 15 வயசு தாண்டியாச்சு, ஆர்.சி. புதுப்பிச்சாச்சான்னு முதல்ல பாருங்க. கிலோமீட்டர் கம்மின்னு மயங்காதீங்க. மீட்டரைத் திருப்பி வைக்க முடியும். சும்மா நின்ன வண்டியிலும் ரப்பர் வெடிக்கும், தகரம் துருப்பிடிக்கும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில் கேளுங்க. அது அறுந்தா நடுரோடுதான். பில் இல்லாத 'கல்லு', வாங்கினவன் தலையில்தான் விழும் :-)