டிரெய்லருக்கு என்னென்ன போடலாம்?

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். போனில் ஒரு வீடியோ காட்டினான். ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கிட்டுப் போற கேம்பர் டிரெய்லர். விரித்தால் கட்டில், இழுத்தால் அடுப்பு, மேலே சோலார், பக்கத்தில் பந்தல். "வாங்குறப்பவே எல்லா ஆப்ஷனும் சொல்லிடணும் மாமா, பின்னாடி போட்டா செலவு ஜாஸ்தி"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரம்தான் நானும் மீஞ்சூர் பக்கம் ஒரு பட்டறையில் புது டிராக்டர் டிரெய்லருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்திருந்தேன்.

ரோட்டில் பார்க்கிற உங்களுக்கு எல்லா டிரெய்லரும் ஒரே இரும்புப் பெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அதைச் சொல்லித்தான் செய்கிறோம். ரெண்டு சக்கரமா நாலு சக்கரமா, சாதாப் பெட்டியா டிப்பரா, பக்கக் கதவு எவ்வளவு உயரம், அடித்தகடு எவ்வளவு கனம். நாலு சக்கரம் பாரத்தைத் தானே தாங்கிக்கும். ஆனா முன் சக்கரம் தனியாகத் திரும்புவதால் ரிவர்ஸ் எடுக்க தனி வித்தை வேணும். ரெண்டு சக்கரத்தில் பாரத்தின் ஒரு பங்கு டிராக்டர் மேல் உட்காரும், சேத்தில் பின் டயருக்குப் பிடி கிடைக்கும். நான் ரெண்டு சக்கரம்தான் சொல்லியிருக்கேன்.

காட்டுப்பள்ளிக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். உப்புக் காத்து இரும்பைத் தின்னும். அதனால் அடிப்பக்கமும் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லி, கூட நின்னே பார்த்தேன். மேலே மட்டும் பளபளன்னு அடிச்சுட்டு அடியில் விட்டுடுவாங்க.

டிப்பர் வேணுமான்னு பட்டறையில் ரொம்ப வற்புறுத்தினாங்க. எருவும் மணலும் தட்டறது வருஷத்தில் சில நாள்தான். மத்த நாளெல்லாம் நெல் மூட்டை, வைக்கோல், தர்பூசணி. தர்பூசணியைத் தட்டிவிட்டா என்ன ஆகும்! இன்னொண்ணு, இங்கே அனல் மின்நிலையங்களிலிருந்து கிளம்புற கம்பிகள் போதாதுன்னு, வயலுக்குப் போற கம்பியும் தாழத் தொங்குது. தூக்கின டிப்பர் அதில் பட்டால் ஓட்டுறவன் கதி அவ்வளவுதான். வேண்டாம்னுட்டேன்.

மிச்சமான காசை பிரேக்குக்கும் லைட்டுக்கும் போட்டேன். இதைச் சொன்னதும் ஊரில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "டிராக்டர்லதான் பிரேக் இருக்கே?" இருக்கு. ரெண்டு டன் டிராக்டருக்குப் பின்னால் நாலு டன் பாரம் வந்தால், டிராக்டர் நிக்கும், டிரெய்லர் நிக்காது. பின்னாலிருந்து தள்ளி, டிராக்டரையே மடக்கிப் போட்டுடும். போதாக்குறைக்கு, வயலில் திரும்ப வசதியா டிராக்டருக்கு இடது வலதுன்னு ரெண்டு பிரேக் பெடல். ரோட்டுக்கு வந்ததும் ரெண்டையும் கொக்கி போட்டு இணைக்கணும். எத்தனை பேர் போடறாங்க? அக்கா மகன் காட்டிய அந்த ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்குத் தனியா பிரேக் கட்டாயம்.

லைட்டு விஷயத்தில் நான் பெரிசா பேச முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாசம், சம்பா வைக்கோல் ஏத்திக்கிட்டு வரும்போது ராத்திரி ஏழரைக்கு டயர் பஞ்சர். ஓரமாத்தான் நிறுத்தினேன். ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது, ஆனா தொங்கின வைக்கோல் அதை மூடியிருந்தது. எதிரே கண்டெய்னர் லாரி வெளிச்சம். ஷிஃப்ட் முடிஞ்சு பைக்கில் வந்த ஒரு பையன் நேரா வந்து மோதினான். தோள்பட்டை எலும்பு உடைஞ்சது. உயிர் தப்பினது வைக்கோலால். மூட்டை ஏத்தியிருந்தா தகரக் கதவில்தான் தலை பட்டிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

துறைமுகத்துக்குப் போற ரோடு முன்ன மாதிரி மாட்டு வண்டி ரோடு இல்லை. அதில் இருட்டா ஊர்ந்து போற நாமும் ஒரு ஆபத்துதான். லாரிக்காரனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்ட பெரிய செலவும் இல்லை. அதை ஆப்ஷன்னு சொல்றதே எனக்குப் பிடிக்கலை. பக்கக் கதவு, தார்ப்பாய் கம்பியெல்லாம் அடுத்த அறுவடைக்குப் பிறகுகூட வெல்டிங் வச்சுக்கலாம். பிரேக் உள்ள ஆக்சிலை அப்புறம் மாத்தணும்னா வண்டியையே பிரிக்கணும்.

டெலிவரி அடுத்த வாரம். வைக்கோல் ஏத்தினால் அதுக்கும் பின்னால் கட்டுற மாதிரி, ஒரு பலகையில் ரெண்டு சிவப்பு லைட்டும் நீள ஒயரும் கேட்டேன். அப்படியெல்லாம் செய்யறதில்லைன்னுட்டாங்க. பழைய கதவுப் பலகை ஒண்ணு கிடக்குது, நானே செஞ்சுக்கிட்டிருக்கேன்.