சனிக்கிழமைச் சம்பளமும் சங்கத்துக் கடனும்

பல்லடம், பொங்கலூர், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்துப் பண்ணையம் பார்க்கும் பல குடும்பங்களுக்கு இன்று இரண்டு வருமானம். ஒன்று தோட்டத்து வருமானம். மழைக்கும் மார்க்கெட்டுக்கும் கட்டுப்பட்டு, ஆண்டில் இரண்டு மூன்று தடவை வரும். மற்றொன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிச் சம்பளம். மனைவியோ மகனோ மகளோ காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போய், கைமடியாகவும் செக்கிங், பேக்கிங் வேலையிலும் சம்பாதித்துச் சனிக்கிழமை மாலை கொண்டு வரும் பணம்.

இரண்டு வருமானம் இருந்தும் கடன் ஏன் குறையவில்லை என்பதே இந்தக் குடும்பங்களின் கவலை. வருமானம் போதவில்லை என்பது உண்மை. விளைபொருளுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் உள்ள பணமும் தவறான வரிசையில் கடனுக்குப் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுக்கிறோம். சத்தம் போடாத கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடைசியில் கொடுக்கிறோம். இந்த வரிசையை மாற்றினாலே பாதி பாரம் குறையும்.

முதலில் வட்டியைச் சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வாரத் தவணைக்காரர் 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு நூற்றுக்குப் பதினைந்து போலத் தோன்றும். ஆனால் அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? குறையும் அசலுக்குக் கணக்கிட்டால், வட்டி வாரத்துக்கே நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் போகிறது. ஆண்டுக்கு 150 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் என்று வாங்கும் கைமாற்றும் ஆண்டுக்கு 60 சதவீதம். எந்த வெள்ளாமையும் இந்த வட்டிக்கு ஈடு கொடுக்காது.

இதற்கு நேர் எதிரானது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன். தமிழ்நாட்டில் தவணைத் தேதிக்குள் திருப்பிக் கட்டுகிறவருக்கு இதற்கு வட்டியே கிடையாது; அதை மத்திய, மாநில அரசுகள் ஏற்றுக்கொள்கின்றன. தேதி தவறினால் சலுகை போய்விடும்; 7 சதவீத வட்டி விழும், அதற்கு மேல் அபராத வட்டியும் சேரும். 60,000 ரூபாய்க் கடனுக்கு ஓர் ஆண்டு வட்டி மட்டும் 4,200 ரூபாய். அதை விடப் பெரிய நட்டம், பாக்கிதாரருக்கு அடுத்த பட்டத்துக்குக் கடன் கிடைக்காது. விதைக்கும் உரத்துக்கும் மறுபடி வட்டிக்காரரிடம் போக வேண்டியதுதான்.

"தள்ளுபடி வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தள்ளுபடியானது. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் பத்து ஆண்டுகள். 2016இல் சிறு, குறு விவசாயிகளின் கடன் மட்டுமே தள்ளுபடியானது. 2021இல் அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடன் தள்ளுபடியானது. ஆண்டுதோறும் ஒழுங்காகக் கட்டி, மறுபடி கடன் பெற்றிருந்தவருக்கும் அன்று நிலுவை இருந்தது. அதனால் தள்ளுபடியை நினைத்துத் தேதியைத் தவறவிடுவதில் ஆதாயம் எதுவும் இல்லை.

இன்னொரு தவறு, கம்பெனிச் சம்பளம் என்றும் நிற்காது என்று நம்பி வாரத் தவணைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்வது. நொய்யலைக் காக்க விவசாயிகள் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் பாசனப் பகுதிக்கு அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அதே விவசாயக் குடும்பங்கள் சிலவற்றிலும் வாரச் சம்பளம் நின்றது. 2020இல் ஊரடங்கு வந்தது. 2022இல் நூல் விலை ஏறி, மே மாதத்தில் தொழில்துறையே வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது, ஆர்டர்கள் தடுமாறின. தோட்டத்துக்குப் பருவம் தவறுவது போலவே கம்பெனிக்கும் பருவம் தவறும். சம்பளம் நின்ற வாரத்திலும் தவணைக்காரர் வந்து நிற்பார்.

பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கும் நுண்கடனைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அது. அது கடன் கொடுப்பவருக்கு இட்ட எல்லை. வாங்குகிறவர் அது வரை போகலாம் என்று பொருள் அல்ல. தோட்டச் செலவும் உள்ள குடும்பம் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இப்போது வரிசைக்கு வருவோம். ஒரு நோட்டில் கடன்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவருக்குத் தெரியாமல் மனைவி வாங்கியது, மனைவிக்குத் தெரியாமல் கணவர் வாங்கியது எல்லாம் வெளியே வர வேண்டும். மறைத்த கடன்தான் குடும்பத்தை முதலில் சாய்க்கும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே அசல் பாக்கி, ஆண்டு வட்டி, தவணைத் தேதி ஆகிய மூன்றையும் குறியுங்கள்.

பிறகு பணத்தைப் பிரியுங்கள். பால் ஊற்றும் வீட்டில் பால் பணம் சமையலுக்கு. சம்பளத்தில் முதலில் மின்கட்டணம், பள்ளிச் செலவு, மருந்து. மீதியில் எல்லாத் தவணைகளுக்கும் கட்டாயமான தொகை. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு ரூபாயும் வட்டி மிக அதிகமான ஒரே ஒரு கடனுக்குப் போகட்டும். அது முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகையையும் சேர்த்து அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். நாலு கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கட்டுவதால் ஒன்றும் முடியாது.

சங்கத்துக் கடனுக்கு அறுவடையை மட்டும் நம்ப வேண்டாம். வாரம் 600 ரூபாய் ஒதுக்கினால் 50 வாரத்தில் 30,000 ரூபாய் சேரும். 60,000 ரூபாய்க் கடனில் பாதி கைக்கு வந்துவிடும். இப்படி ஒதுக்காதவர்கள்தான் தவணைக்கு முந்தின நாள் வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டி, புதுக்கடன் வந்ததும் வட்டிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வட்டியில்லாக் கடனுக்கும் வட்டி கட்டும் வழி இது. அவசரத்துக்குச் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடாமல் காட்டிலேயே விற்பதும் இதே காரணத்தால்தான். மக்காச்சோளம், கொப்பரை வைத்திருப்பவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெற்று, விலை பார்த்து விற்கலாம்.

நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கந்துவட்டியை முடிப்பது தவறல்ல. ஆனால் முடித்த கையோடு அதே ஆளிடம் மறுபடி வாங்கினால் நகையும் போகும், கடனும் நிற்கும். குழந்தைகளின் பாலையும் பள்ளியையும் குறைக்க வேண்டாம். குறைக்க வேண்டியது சீரும் மொய்யும் கெடா விருந்தும்தான். கடன் முடியும் வரை அளவோடு செய்தால் உறவு முறிந்துவிடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுதிக் கொடுக்கலாம். அவமானம் என்று நினைத்து வாய் மூடியிருக்க வேண்டியதில்லை.

எல்லாப் பொறுப்பையும் விவசாயி தலையிலேயே கட்டுவதும் நியாயம் ஆகாது. வட்டிக்காரர் வீடு தேடி வாரா வாரம் வருகிறார். சங்கமோ ஆண்டுக்கு ஒரு நாள் மொத்தமாகக் கட்டு என்று காத்திருக்கிறது. திருப்பூர் மாவட்டச் சங்கங்கள் சனி மாலையோ ஞாயிறு காலையோ ஊருக்கே ஆள் அனுப்பி, 200, 300 ரூபாயாகச் சேமிப்பு வசூலித்துப் புத்தகத்தில் வரவு வைத்தால் என்ன? பயிர்க்கடன் நிலுவையும் குறையும், வட்டிக்காரர் பிடியும் தளரும். சங்க உறுப்பினர்கள் இதைப் பேரவைக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

அது நடக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை சம்பளம் வீட்டுக்கு வந்ததும், வாசலில் யாரும் நிற்பதற்கு முன்பு, அந்த நோட்டைப் பிரித்து வையுங்கள். சங்கத்துக்கான 600 ரூபாயை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பிறகு மற்றக் கணக்கைப் பாருங்கள்.