லோடு வேனில் போனவர் பயணி இல்லையாம்

களை எடுக்கப் போன பெண்களோடு லோடு வேன் கவிழ்ந்தால், ‘அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றியதே காரணம்’ என்று செய்தி முடிந்துவிடும். ஏன் அதில் ஏறினார்கள்? விடியற்காலையில் சேரிப் பக்கம் பேருந்து இல்லை. வேனை அனுப்புவது மேஸ்திரி. ஏற மறுத்தால் அன்றைய கூலி போச்சு.

ஆய்வுக்காக மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்புகளை வாசித்துவருகிறேன். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. சரக்கோடு போகும் அதன் சொந்தக்காரருக்கோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிக்கோ 1994 திருத்தம் பாதுகாப்பு தந்திருக்கிறது. அதாவது, நெல் மூட்டையோடு போகும் பண்ணையாருக்குக் காப்பீடு உண்டு. அந்த நெல்லை அறுத்துவிட்டு அதே வண்டியில் வீடு திரும்புகிறவருக்கு இல்லை. ‘முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்கட்டும்’ என்று சில அமர்வுகள் உத்தரவிடுகின்றன. அதற்கு நல்ல நீதிபதி வாய்க்க வேண்டும்.

தொகை கிடைத்தாலும் கணக்கு கூலியிலிருந்துதான் தொடங்குகிறது. பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017), 40 வயதுக்குள் இறந்தவர் நிரந்தர வேலையில் இருந்திருந்தால் எதிர்கால உயர்வாக வருமானத்தில் 50 சதவீதம் சேர்ப்பார்கள். சுயதொழில் செய்தவருக்கு 40. நிரந்தர வேலை ஊரில் எத்தனை வீட்டில், சேரியில் எத்தனை வீட்டில் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத் திருத்தம் கேட்போம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடவு, அறுவடை நாட்களில் அந்தப் பேருந்து விடியுமுன் சேரிக்குள் வந்து நிற்கட்டும்.